உங்களுக்குத் தெரியுமா? ஒரே மெட்டு, பல வேஷம்

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர் ட்ரம்பெட்டில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தால், முதல் வரி முடிவதற்குள் பாட்டு பிடிபட்டுவிடும். பாடகர் இல்லை, வயலின் கூட்டம் இல்லை. மெட்டு போதும். வீடியோ கேம் மெட்டுகளுக்கும் இந்தக் கொடுப்பினை உண்டு. ஜாஸ், வால்ட்ஸ், மெட்டல், முழு ஆர்கெஸ்ட்ரா என்று எதை மாட்டிவிட்டாலும் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. காரணம், அவற்றில் பல பிறந்த இடம். ஒரே சமயத்தில் மூன்று, நான்கு ஒலிகளுக்கு மேல் எழுப்ப முடியாத சின்னஞ்சிறு சிப்புகள் அவை. வாத்தியங்களின் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லாததால், இசையமைப்பாளர்கள் மெட்டையே செதுக்கிச் செதுக்கிச் செய்தார்கள்.

● டெட்ரிஸ் என்றதும் காதில் ஓடும் மெட்டு, கேமுக்காகப் போட்டது அல்ல. அது 'கொரோபெய்னிகி' என்ற ரஷ்ய நாட்டுப்பாடல். பெட்டியில் துணிமணி, சாமான் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்ற வியாபாரிகளைப் பற்றியது. நிக்கோலாய் நெக்ரசோவ் 1861இல் எழுதிய நெடுங்கவிதையின் தொடக்கப் பகுதிதான் மக்கள் வாயில் பாட்டாகிப் பரவியது. இளம் வியாபாரி ஒருவனும் காத்யா என்ற பெண்ணும் பேரம் பேசுகிறார்கள், பேரத்துக்குள் காதலும் நடக்கிறது. கவிதையைக் கடைசிவரை படித்தால் மனம் கனத்துவிடும்: அந்த வியாபாரிகள் காட்டு வழியில் கொல்லப்படுகிறார்கள். பாட்டு அதுவரை போவதில்லை. துள்ளலோடு நின்றுகொள்கிறது.

அலெக்சி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் டெட்ரிஸை உருவாக்கியபோது அதில் இசையே கிடையாது. 1989இல் நின்டெண்டோவின் கேம்பாய்க்கு அது வந்தபோது ஹிரோகாசு தனாகா இந்த நாட்டுப்பாடலை எடுத்துக் கோர்த்தார். ஜப்பானில் முதலில் வெளியான பதிப்பில் அந்த இடத்தில் வேறொரு மெட்டு இருந்தது. அடுத்த பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு 'கொரோபெய்னிகி'யை வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தால், ரஷ்யக் கிராமத்துப் பாட்டு ஒன்று கோடிக்கணக்கான பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

நம் சங்கீதம் தெரிந்தவர்கள் இதை ஒருமுறை சுரம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் பகுதி முழுக்க நடபைரவியின் சுரங்கள். அடுத்த பகுதியில் கைசிகி நிஷாதம் நகர்ந்து காகலி நிஷாதம் ஆகிறது, சட்டென்று கீரவாணியின் சாயல் வந்துவிடுகிறது. மெட்டின் ஏக்கம் முழுக்க அந்த ஒற்றைச் சுரத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆர்மோனியத்தில் வாசித்தாலும் கிடாரில் வாசித்தாலும் அந்த இடம் வந்ததும் நெஞ்சு லேசாகப் பிசையும்.

● அதே கேம்பாய் டெட்ரிஸில் இன்னும் இரண்டு மெட்டுகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒன்று தனாகாவின் சொந்தச் சரக்கு. மற்றது பாக் எழுதிய மூன்றாம் ஃபிரெஞ்சு ஸ்வீட்டில் வரும் மினுவெட். நின்டெண்டோ அதே 1989இல் டிவி கேமுக்காக வெளியிட்ட டெட்ரிஸிலோ சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' ஒலித்தது.

● 1992இல் 'டாக்டர் ஸ்பின்' என்ற பெயரில் 'டெட்ரிஸ்' என்றொரு நடனப் பாட்டு பிரிட்டனில் வெளிவந்து, தரவரிசையில் 6ஆம் இடம்வரை ஏறியது. நாட்டுப்பாடலுக்கு டெக்னோ அடி போட்ட அந்த 'டாக்டர்' யார் தெரியுமா? 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' தந்த ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர்! கூட்டாளி, தயாரிப்பாளர் நைஜல் ரைட். பத்து ஆண்டுகள் கழித்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'பாம்பே ட்ரீம்ஸ்' இசை நாடகத்தை லண்டனில் தயாரித்தவரும் இதே வெப்பர்தான்.

● 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் இசை என்று இருந்தது இறங்கு முகமான நான்கே சுரங்கள். எதிரிகள் குறையக் குறைய அந்த நான்கும் வேகம் எடுக்கும். காலத்தை மட்டும் மாற்றி ஒரே இசையைப் பயமாக மாற்றிக் காட்டிய வேலை அது.

● தொண்ணூறுகளில் டிவியில் கேசட் செருகி விளையாடியவர்களுக்கு மரியோ மெட்டை நினைவூட்டத் தேவையில்லை. கோஜி கோண்டோ 1985இல் போட்டது. மொத்த கேமும் 40 கிலோபைட், இன்றைக்கு ஒரு செல்ஃபியைக் கூட அதில் அடைக்க முடியாது. மெட்டுக்கும் துணை மெட்டுக்கும் இரண்டு சதுர அலைகள், கீழ்ச்சுருதிக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்குக் கொஞ்சம் இரைச்சல். அவ்வளவுதான் கச்சேரி. மரியோ குதித்தால் அந்தச் சத்தத்துக்கும் இந்த வழிகளில் ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கணம் இசையில் ஒரு குரல் நின்று, மறுபடி சேர்ந்துகொள்ளும். விளையாடும்போது நம் காது அதைக் கவனிப்பதே இல்லை.

கோண்டோ முதலில் போட்ட மெட்டு இது அல்ல. மரியோ சாவகாசமாக நடப்பதைப் பார்த்து ஒன்றைப் போட்டார். பிறகு ஓட்டமும் தாவலும் சேர்ந்தபோது அது ஒட்டவில்லை. கழித்துவிட்டு, ஆட்டத்தின் நடைக்குத் தக்கபடி புதிதாகப் போட்டார். 2023இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த மெட்டைச் சேர்த்தது. வீடியோ கேம் இசைக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை.

● கோண்டோவின் உண்மையான வித்தை 1990இல் வந்த 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' கேமில் இருக்கிறது. வெட்டவெளியில் ஓடும்போது குதூகலமான ஒரு மெட்டு. உயரத்தில் தாவித் தாவிப் போகும் கட்டங்களில் ராக்டைம் பியானோ. தண்ணீருக்குள் மூன்று அடி வால்ட்ஸ், மிதப்பது போலவே இருக்கும். சுரங்கத்துக்குள் எதிரொலி சூழ்ந்த மந்தமான நடை. கோட்டைக்குள் நுழைந்தால் மைனர் ஸ்கேலில் அச்சமூட்டும் இசை. ஐந்தும் வேறு வேறு பாட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஐந்தும் ஒரே மெட்டு! வெட்டவெளி மெட்டை முணுமுணுத்துக்கொண்டே கோட்டை இசையைக் கேட்டுப் பாருங்கள், எலும்புக்கூடு தட்டுப்படும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. யோஷி என்ற டைனோசர் மீது மரியோ ஏறி உட்கார்ந்த நொடியில் பாட்டோடு பாங்கோ தாளம் சேர்ந்துகொள்ளும். இறங்கினால் நின்றுவிடும். பாட்டு எங்கும் அறுந்துபோகாது. இத்தனைக்கும் இடம் கொடுத்தது, சூப்பர் நின்டெண்டோவுக்காக சோனி செய்து கொடுத்த எட்டுத்தட ஒலி சிப். அதை வடிவமைத்த கென் குதராகிதான் பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கினார்.

● 1986இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'வின் தொடக்க இசையாக ராவேலின் 'பொலேரோ'வைப் போடத்தான் திட்டமிட்டிருந்தார்கள். வேலை முடியும் தறுவாயில்தான் அதன் காப்புரிமை காலாவதியாகவில்லை என்று தெரிந்தது. கோண்டோ கேமுக்குள் ஏற்கெனவே இருந்த தன் மெட்டை எடுத்து, ஒரே இரவில் தொடக்க இசையாக மாற்றிக் கொடுத்தார். இன்று செல்டா என்றாலே அந்த மெட்டுதான்.

● செல்டா வரிசையில் 2011இல் வந்த 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' கேமின் முக்கிய மெட்டைத் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்டால், 1991 முதல் ரசிகர்கள் கேட்டுவந்த செல்டா இளவரசியின் தாலாட்டு வரும்.

● ஒரு பறவைக்கு இத்தனை பாணிகளா என்று வியக்க வைப்பது 'ஃபைனல் ஃபேன்டசி'யின் சோகோபோ. குதிரைக்குப் பதிலாக ஏறிச் சவாரி செய்யும் பெரிய மஞ்சள் பறவை. 1988இல் இரண்டாம் பாகத்தில் நோபுவோ உயெமட்சு இதற்கென்று ஒரு சின்ன மெட்டுப் போட்டார். அதன்பிறகு பாகத்துக்குப் பாகம் அந்த மெட்டு உடை மாற்றிக்கொண்டே வந்தது. 1992இல் மாம்போ, 1994இல் டெக்னோ, 2000இல் உகுலேலே, 2001இல் பித்தளை வாத்தியக் கோஷ்டி.

1997இல் வந்த ஏழாம் பாகத்தில் உயெமட்சுவுக்கு ஒன்று போதவில்லை. எலக்ட்ரிக் கிடார் வடிவம், வால்ட்ஸ் வடிவம், போதாதற்கு ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஜாஸ் வடிவம் ஒன்று. அந்த ஐந்தைத்தான் நான் முதலில் கேட்கச் சொல்வேன். நான்கு நான்காகப் பழகிய மெட்டை ஐந்துக்கு இழுத்தால் எங்காவது இடறும் என்று எதிர்பார்ப்போம். இடறவே இல்லை. கண்ட நடை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஆட்டம் உடனே பிடித்துவிடும். 2011இல் 'XIII-2' பாகத்தில் இதே மெட்டு, தொண்டை கிழியக் கத்தும் ஹெவி மெட்டலாகவும் வந்தது. பாட்டுக்காரர் எவ்வளவு கத்தினாலும் உள்ளே மஞ்சள் பறவை துள்ளுவது கேட்கிறது. உயெமட்சு முறையாக இசைக்கல்லூரியில் படித்தவர் அல்ல, தானே கற்றுக்கொண்டவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

● 'ஃபைனல் ஃபேன்டசி' நான்காம் பாகத்தின் மெட்டுகள் 1991இல் அயர்லாந்துக்குப் போயின. அங்குள்ள கலைஞர்கள் ஐரிஷ் நாட்டுப்புற வாத்தியங்களில் வாசித்துப் பதிவு செய்த தொகுப்பு 'கெல்டிக் மூன்'. 1995இல் 'குரோனோ ட்ரிக்கர்' மெட்டுகள் ஆசிட் ஜாஸ் பாணியில் 'தி பிரிங்க் ஆஃப் டைம்' என்ற தொகுப்பாக வந்தன.

● 'டிராகன் குவெஸ்ட்' கேமுக்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா, அதற்கு முன்பே டிவி, விளம்பரம், பாப் பாட்டு என்று பெயர் எடுத்தவர். எனிக்ஸ் நிறுவனத்தின் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) கேம் ஒன்றை விளையாடிவிட்டு, அதோடு இருந்த கருத்து அட்டையை நிரப்பி அனுப்பினார். அட்டையில் பெயரைப் பார்த்து அசந்துபோன நிறுவனத்தார் அவரையே இசையமைக்க அழைத்தார்கள். 1986இல் சிப்பின் இரண்டு மூன்று குரல்களில் பிறந்த அவர் மெட்டுகள், மறு ஆண்டே டோக்கியோவின் சன்டோரி ஹாலில் கச்சேரியாக அரங்கேறின. பிறகு லண்டன் ஃபில்ஹார்மோனிக்கும் அவற்றை வாசித்துப் பதிவு செய்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு தொடங்கியதும் இந்தக் கேமின் முகப்பு இசையோடுதான்.

● நின்டெண்டோ இசையமைப்பாளர் கசுமி தொதாகா, 19 சுரங்கள் கொண்ட ஒரு குட்டி மெட்டைத் தான் வேலை செய்த கேம்களில் ரகசியமாக ஒளித்து வைப்பார். சிலவற்றில் குறிப்பிட்ட திரையில் நிமிடக்கணக்காகச் சும்மா காத்திருந்தால்தான் அது காதில் விழும்.

● 2008இல் டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர், 'எர்த்பவுண்ட்' கேமைத் தானே மாற்றியமைத்த ஒரு வடிவத்துக்காக 'மெகலோவேனியா' என்ற மெட்டைப் போட்டார். அதையே மெருகேற்றி 'ஹோம்ஸ்டக்' என்ற இணையக் காமிக்ஸுக்குக் கொடுத்தார். மறுபடி மாற்றி 2015இல் தன் சொந்த கேமான 'அண்டர்டேல்' உச்சக்கட்டச் சண்டைக்கு வைத்தார். 2022 ஜனவரியில் வத்திக்கானில் போப் பிரான்சிஸ் முன்னிலையில் சர்க்கஸ் கலைஞர்கள் வித்தை காட்டியபோது ஒலித்ததும் அதே மெட்டு.

● அதே 2022இல் சிறந்த இசைக்கோர்ப்புக்கான கிராமி விருது ஒன்று, 'கிர்பி சூப்பர் ஸ்டார்' என்ற 1996 கேமின் மெட்டுக்குப் போனது. ஜுன் இஷிகாவாவின் 'மெட்டா நைட்ஸ் ரிவெஞ்ச்' மெட்டை பிக் பேண்டு ஜாஸாகக் கோர்த்தவர்கள் சார்லி ரோசனும் ஜேக் சில்வர்மேனும். வாசித்தது 'தி 8-பிட் பிக் பேண்டு'. சாக்ஸபோன், ட்ராம்போன், ட்ரம்பெட் வரிசை கட்டி நின்று, சிப் அவசர அவசரமாக ஓட்டிய சுரங்களை மூச்சுப் பிடித்து ஊதுவதைக் கேட்க வேண்டும். இயந்திரத்துக்கு மூச்சு வாங்காது, மனிதருக்கு வாங்கும். அந்த மூச்சிலிருந்துதான் ஸ்விங் பிறக்கிறது.

● 'அனிமல் கிராஸிங்' கேம்களில் இசையமைப்பாளர் நீங்களேதான். உங்கள் ஊருக்கென்று 16 சுரம் வைத்து ஒரு மெட்டுப் போடலாம். பிறகு உருமாற்றும் வேலையைக் கேம் எடுத்துக்கொள்ளும். ஊரில் குடியிருக்கும் பூனை, தவளை, கரடி எல்லாம் அதை ஆளுக்கொரு குரலில் பாடும். மணிக்கொருமுறை அதே மெட்டு மணியோசையாக ஒலிக்கும், வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாலும் கேட்கும். 16 கட்டங்களில் சிலவற்றை வெறுமையாகவும் விடலாம், நீட்டியும் பிடிக்கலாம்.