அடுப்படி வேலை முடியும்வரை காத்திருக்கும் சீரியல்!

விடியும் முன்பே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் மலையேறுகின்றன. இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வந்ததும் அடுப்படி. வேலை முடிவதற்குள் சீரியலும் முடிந்துவிடும். "அப்புறம் என்னாச்சு?" என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியதுதான்.

2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-ல் இலவச செட்டாப் பாக்ஸ். படம் பளிச்சென்று ஆனது. நேரம் மட்டும் சேனல்காரர் கையிலேயே இருந்தது. அதை வீட்டுக்காரம்மா கைக்கு மாற்றியது ரெக்கார்டிங் வசதியுள்ள பாக்ஸ்தான். நேரத்தைக் குறித்துவிட்டால் தானே பதிவு செய்துகொள்ளும். விளம்பரத்தையும் ஓட்டிவிடலாம். அதுவே பாதி நிம்மதி!

கரண்ட் போனால் பதிவு நின்றுவிடும். டிஷ் வைத்திருந்தால் கனமழையும் கெடுக்கும். பதிவு பெரும்பாலும் அந்தப் பாக்ஸில் மட்டுமே ஓடும். பழுதாகி மாற்றினால் சேர்த்ததெல்லாம் போச்சு.

இன்டர்நெட்டில் ஓடும் ஸ்ட்ரீமிங் பாக்ஸில் பதிவே தேவையில்லை. ஆனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பினால், ஒரு மணி நேர ஹெச்.டி. படத்துக்கே ஒரு ஜிபிக்கு மேல் கரைந்துவிடும்.

ரெக்கார்டிங்குக்குப் புது பென் டிரைவ் வாங்குங்கள். பாக்ஸ் ஃபார்மட் கேட்கும்; ஓகே அழுத்தினால் அதிலிருக்கும் மகள் கல்யாண போட்டோக்கள் அழிந்துவிடும்.