புத்திசொல்வதும் செவிகொடுப்பதும்

கிறித்தவ ஆலோசனை முறை ஒன்றே என எண்ணுவோர் பலர். உண்மையில் அதற்குள் அரை நூற்றாண்டாக ஒரு வழக்கு நடக்கிறது. அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970இல் வெளியிட்ட நூலில், மனநோய் எனப்படுவதில் பெரும்பகுதி நோயே அல்ல. உடற்கோளாறு இல்லாதவிடத்துப் பாவமே வேர் என வாதிட்டார். கண்டித்துத் திருத்துவதே அவர் காட்டிய வழி. அதற்கு அவர் எடுத்தாண்ட கிரேக்கச் சொல்லை, ரோமர் நிருபத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘புத்திசொல்லுதல்’ என்கிறது.

மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி, ஆதலால் மாற இயலும் என்னும் அவரது நம்பிக்கையை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். குடியை விட முயல்வோருக்கு அது ஊன்றுகோலாகலாம். ஆனால், மனச்சோர்வில் உறக்கமிழந்தவரிடம் ‘மனந்திரும்பு’ என்றால் நோயோடு குற்றவுணர்வும் சேர்கிறது. மாத்திரை உட்கொள்வதே அவிசுவாசமோ என அவர் அஞ்சத் தொடங்குகிறார். ஆடம்ஸின் மரபில் வந்த டேவிட் பவ்லிசனே பின்னாளில், ஆலோசனைக்கு வருபவர் பாவி மட்டுமல்லர், துன்புறுபவரும்கூட என வலியுறுத்தினார். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய்திறவாது உடனிருந்தவரை குறையற்றவர்களே. (பிரசங்கங்களில் இப்பகுதியை நான் அதிகம் கேட்டதில்லை.)

ஆகவே, ஆலோசகரை நாடுவோர் வேதவசனம் எத்தனை அறிவார் என்பதற்கு முன், தேவையெனில் மனநல மருத்துவரிடம் அனுப்புவாரா என்று அவரிடமே கேட்டுவிடலாம்.