சிறு கிளிக்குத் தின்பண்டம்

சென்ற விடுமுறையில் ஏர்க்காட்டிலுள்ள அன்பரொருவர் மனைக்குச் சென்றிருந்தோம். அவர்தம் இளமகன், தோட்டத்திற் பழுத்த வெண்ணெய்ப்பழத்தில் ஒரு துண்டைக் கூண்டிலிருந்த கிளிக்கு அன்புடன் நீட்டினான். யாம் விரைந்து தடுத்தோம். அப்பழத்திலுள்ள பெர்சின் என்னும் நஞ்சு பறவையின் இதயத்தைத் தாக்கி, இரண்டொரு நாளிற் கொல்லவும் வல்லது. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் துரை சேர்வராயன் மலையிற் பயிரிடுவித்த காப்பியும் அதற்கு ஆகாது; நெஞ்சத் துடிப்பை மிகுவித்துக் கேடு செய்யும்.

அக்கிளி பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலிய இனம். நம்மவர் அதனை 'லவ் பேர்ட்ஸ்' என்று பிழைபட வழங்குவர். (நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டிலடைத்தலை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலக்குகின்றது.) அதன் எடை ஏறக்குறைய 30 கிராமே. ஆதலின் தின்பண்டம் நாளுணவிற் பத்திலொரு பங்கிற்கு மேற்படலாகாது.

கொய்யாக் கீற்று, ஆரஞ்சுச் சுளையிற் சிறு துண்டு, விதை நீக்கிய பேரிக்காய் ஆகியன மலையிலேயே கிடைப்பன. காரட்டும் கொத்தமல்லித் தழையும் இன்னும் நன்று. தானியமே தின்னும் கிளிக்குக் குறைபடும் ஏ வைட்டமினை அவை தரும். மிளகாயும் கொடுக்கலாம், அதன் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை.

எனினும் கிளி பெரிதும் விழைவது தினைக்கதிரையே. கொழுப்பேற்றுமாதலின் வாரத்திற்கொரு சிறு கதிர் போதும். குறிஞ்சிப் பாட்டுக்களில் தலைவி தட்டையும் தழலுங் கொண்டு கிளியோட்டிக் காத்த அத்தினையை, யாமும் அச்சிறுவனும் கூண்டிற் கட்டிவைத்து, அது கொறிப்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.