அரசியல் செய்தியாளர்: அரண்மனை வாசலில் நான் கற்ற பாடம்

பள்ளிகளில் நடக்கும் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளுக்கு என்னை அழைப்பார்கள். கேள்வி நேரம் வந்ததும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "அக்கா, டிவியில் வருவதற்கு என்ன படிக்க வேண்டும்?" முக ஒப்பனைக்குத் தனியாக ஆள் இருப்பார்களா என்பது இரண்டாவது கேள்வி. செய்தி அரங்கில் இருப்பார்கள், தங்கைகளே. என்னைப் போல் வெளியே நிற்பவர்களுக்குக் கைப்பையில் கிடக்கும் ஒரு பவுடர் டப்பாதான் ஒப்பனை. மழை வந்தால் அதுவும் கரைந்துவிடும்.

நாடாளுமன்றம், கட்சிகள், தேர்தல் ஆகியவற்றைத் தொலைக்காட்சிக்குத் தமிழில் செய்தியாக்குவது என் வேலை. இந்த ஆசை எங்கே தொடங்கியது என்று கேட்டால், நான் பிறந்த சுங்கை சிப்புட்டைத்தான் சொல்வேன்.

2008 மார்ச் 8, நாட்டின் 12ஆவது பொதுத்தேர்தல். நான் அப்போது மூன்றாம் படிவ மாணவி. 1974 முதல் எங்கள் தொகுதியை வைத்திருந்தவர் ம.இ.கா. தலைவர் சாமிவேலு. அவரைத் தவிர வேறொருவரை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக என் அப்பாவாலேயே கற்பனை செய்ய முடியாது. அன்றிரவு தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் ஜெயக்குமார் ஜெயித்துவிட்டார் என்ற செய்தியோ முதலில் அப்பாவின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. பிறகு ஒட்டுக்கடைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. "ஊருக்கே தெரிஞ்சு போச்சு, இந்த டிவிக்காரங்களுக்கு மட்டும் இன்னும் தெரியல" என்று அம்மா சிரித்தார். ஏன் தெரியவில்லை என்பது எனக்குள் ஒரு கேள்வியாகவே நின்றுவிட்டது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்தில் ஊடகத் தொடர்பியல் படித்தேன். புத்ரா பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் இத்துறை உண்டு. ஆனால், அரசியல் செய்திக்கு வர இந்தப் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. சட்டம், பொருளாதாரம் படித்தவர்கள் சில வேளைகளில் எங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். கட்டாயம் வேண்டியது மொழி. அமைச்சர் மலாயில் பேசுவார், அறிக்கை ஆங்கிலத்தில் வரும், நான் தமிழில் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று தடுமாறினாலும் செய்தி தடுமாறும். "தமிழ் நன்றாக வரும், மலாய் சுமார்தான்" என்று சொல்லும் மாணவர்களிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்.

2016இல் வேலைக்குச் சேர்ந்தபோது மைக்கைக் கையில் தருவார்கள் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார வைத்தார்கள். பல மாதம் பெர்னாமா செய்திகளைத் தமிழாக்குவதுதான் வேலை. சம்பளம், பயிற்சி ஆசிரியையாக இருந்த என் தோழியின் சம்பளத்தைவிடக் குறைவு. அதன்பின் தீ விபத்து, வெள்ளம், கோயில் கும்பாபிஷேகம் என்று வெளியே அனுப்பினார்கள். நாடாளுமன்றத்துக்குப் போனது அதற்கும் பிறகுதான்.

அங்கே முதல் வாரமே ஒரு தப்பு. ஒரு சட்ட மசோதா முதல் வாசிப்புக்குத் தாக்கல் செய்யப்பட்டது. நான் "நிறைவேறியது" என்று எழுதிவிட்டேன். மூன்று வாசிப்புகள் உண்டு என்பதும், மக்களவைக்குப் பிறகு மேலவைக்குப் போகும் என்பதும் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அவசரத்தில் மறந்துபோனது. ஒளிபரப்பாவதற்கு முன்பே எங்கள் செய்தி ஆசிரியர் பிடித்துவிட்டார். அவர் திட்டவில்லை. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டப் புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இளையோருக்கு நான் சொல்லும் ஒரே வீட்டுப்பாடம் இதுதான். நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் எனப்படும் அவைக்குறிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைத் தேடுங்கள். அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார், எந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று பாருங்கள். ஒரு மணி நேரம் படித்தால் அரசியல் செய்தி என்பது மேடைப் பேச்சு மட்டுமல்ல என்பது புரியும். எனக்குக் கிடைத்த நல்ல செய்திகளில் பாதி, யாரும் கவனிக்காத எழுத்துப்பூர்வ பதில்களில் இருந்தவை. தமிழ்ப்பள்ளிக்கூடக் கட்டடம், குடியுரிமை விண்ணப்பம் போன்றவை பெரிய தலைப்புகளில் வராது. அங்கேதான் ஒரு பத்தியாக ஒளிந்திருக்கும்.

செய்தியாளர் கூட்டங்களில் இன்னொரு கலை உண்டு. மலாய் கேள்விகள் முடிந்து மற்ற கேமராக்கள் அணைந்ததும், தமிழ் தெரிந்த துணையமைச்சரிடம் ஓடிப்போய், "டத்தோ, இதையே தமிழில் ஒரு நிமிடம்" என்று கேட்க வேண்டும். சில வேளை மலாயில் சொல்லாத ஒன்றைத் தமிழில் சொல்லிவிடுவார். அந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறேன்.

2018 மே 9, நாட்டின் 14ஆவது பொதுத்தேர்தல். வாக்கு எண்ணும் மையம் ஒன்றில் நிறுத்தப்பட்டிருந்தபோதுதான் சுங்கை சிப்புட் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஒவ்வொரு எண்ணும் அறையிலும் பாரம் 14 எழுதப்படுகிறது. வேட்பாளர்களின் முகவர்கள் அந்த எண்களை உடனே கட்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊருக்குத் தெரிவது அப்படித்தான். தொலைக்காட்சியோ தேர்தல் அதிகாரி எல்லாவற்றையும் கூட்டி அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாத் தாமதத்துக்கும் நேர்மைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தாலும் தாமதம் வரும். ஆனாலும், கூட்டிப் பார்க்காத எண்ணை நான் சொல்லக்கூடாது என்பது அன்றே தெரிந்தது.

தெரிந்தும் தவறினேன்.

2020 பிப்ரவரி 24ஆம் தேதி துன் மகாதீர் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த இரண்டு நாட்களில் மாமன்னர் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்தார். கார்கள் ஒவ்வொன்றாக அரண்மனைக்குள் போயின. நாங்கள் வாசலில் நின்று யார் எந்தப் பக்கம் என்று நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தோம். 222 பேரில் 112 பேர் வேண்டும். கணக்கு மணிக்கொரு முறை மாறியது. தூக்கமில்லை, சாப்பாடு கையேந்திதான்.

அன்றிரவு நேரலைக்குச் சில நிமிடம் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு மலாய்த் தகவல் வந்தது. ஓர் உறுப்பினர் மறுதரப்பின் கூட்டத்தில் "பெர்சாமா" இருந்தார் என்று அதில் இருந்தது. உடன் இருந்தார் என்பதே அதன் பொருள். நான் அதை, "மறுதரப்புக்கு ஆதரவு தெரிவித்துவிட்டார்" என்று நேரலையில் சொன்னேன். ஓர் அறையில் இருப்பதும் ஒருவரை ஆதரிப்பதும் ஒன்றல்ல. அவரையோ அவருடைய அதிகாரியையோ நான் அழைக்கவே இல்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து நிலையத்துக்கு அழைப்பு வந்தது. ஆசிரியர் என்னிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்டார். "நீ பார்த்தாயா? அவர் வாயால் கேட்டாயா?" அடுத்த செய்தியில் திருத்தம் வாசிக்கப்பட்டது. ஆனால், நான் பேசிய காணொளித் துண்டு அதற்குள் துரோகி என்ற தலைப்போடு முகநூலில் சுற்றத் தொடங்கியிருந்தது. திருத்தத்தை யாரும் பகிரவில்லை. நான் மறுபடியும் மொழிபெயர்ப்பு மேசைக்குப் போனேன். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதும் அங்கேதான் இருந்தேன். வேலையை விட்டுவிடலாமா என்று அந்த நாட்களில் நிஜமாகவே யோசித்தேன்.

மாதங்கள் கழித்து நாடாளுமன்ற நடைபாதையில் அந்த உறுப்பினரை நேருக்கு நேர் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்கம்மா உங்க சேனல் செய்திதான் பார்ப்பாங்க. அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி, நீயாப்பா இப்படின்னு அழுதாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊரில் என் அம்மாவும் அதே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

2022 நவம்பர் 19, நாட்டின் 15ஆவது பொதுத்தேர்தல். 18 வயதினர் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் அது. உங்கள் அண்ணன் அக்காமார்கள் சிலர் வரிசையில் நின்றிருப்பார்கள். எந்தக் கூட்டணிக்கும் 112 இடங்கள் கிடைக்கவில்லை. மறுபடியும் அரண்மனை வாசல், மறுபடியும் நோட்டுப் புத்தகம். இந்த முறை நான் கோடு போடவில்லை. அரசியலமைப்பின் 43ஆவது பிரிவை எழுதி வைத்திருந்தேன். பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் மக்களவை உறுப்பினரே பிரதமராக நியமிக்கப்படுவார் என்கிறது அது. எங்கள் கணக்குக்கு அங்கே இடமில்லை.

நவம்பர் 24ஆம் தேதி மலாய் ஆட்சியாளர்களின் சிறப்புக் கூட்டம் நடந்தது. வாட்ஸ்அப் ஓயவில்லை. என் பக்கத்தில் நின்ற சிலர் பெயரையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். என் காதுக்கருவியில் நிலையத்திலிருந்து குரல் வந்தது. "அன்வார்தானாமே, சொல்லலாமா?"

"அரண்மனை அறிக்கை கையில் இல்லை" என்றேன். நேரலையில் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஆட்சியாளர்களின் கூட்டம் பற்றியும், அடுத்து வர வேண்டியது அரண்மனையின் அறிக்கை என்பது பற்றியும் பேசினேன். பார்ப்பவர்களுக்கு நிச்சயம் சலிப்பாக இருந்திருக்கும். அறிக்கை வந்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமின் பெயரைச் சொன்னேன். மாலை 5 மணிக்கு அவர் பதவியேற்றார்.

இரவு வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா அழைத்தார்.

"பார்த்தேன்மா, நல்லா பேசுன. ஆனா ஒட்டுக்கடையில எல்லாருக்கும் முன்னாலயே தெரியும். நீதான் லேட்டு."

"ஆமாம்மா," என்றேன்.