ஒரு பெயர், இரு பண்டங்கள்

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி. அங்குள்ள தலத்தெருவில் ஒரு மாணவர் பிரெஞ்சுச் சமையல் நூலைப் புரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'வாஷ்ரேன்' என்ற சொல் அவரைத் திகைக்க வைக்கும். ஓரிடத்தில் அது மென்மையான பாலாடைக்கட்டி. வேறோரிடத்தில் முட்டை வெண்கருவில் செய்த இனிப்பு!

பிரெஞ்சு மொழியில் 'வாஷ்' என்றால் பசு. ஆகவே பாலாடைக்கட்டிக்கு இப்பெயர் பொருந்துகிறது. வெண்ணிற வட்டமான இனிப்பு, தோற்றத்தில் அதை ஒத்திருந்ததால் அதே பெயரைப் பெற்றது என்பர்.

இரண்டுக்கும் அடிப்படை புரதமே. பாலில் கேசீன் என்னும் புரதம் நுண்துகள்களாக மிதக்கிறது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்த்தால் அத்துகள்கள் வலைபோல் பிணைகின்றன, பால் உறைகிறது. வலைக்குள் நீரும் கொழுப்பும் சிக்கிக்கொள்வதால் கட்டி மென்மையாக இருக்கிறது.

வெண்கருவில் சுமார் 90 விழுக்காடு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். அதை அடிக்கும்போது புரதம் விரிந்து, காற்றுக் குமிழிகளுக்குச் சுவராகிறது. சர்க்கரை சேர்த்து இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர்த்தினால் நுரை மொறுமொறுப்பாகிறது. நமக்குப் பழக்கமான தூத்துக்குடி மக்ரூனும் இவ்வகைதான். வெண்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்து உருவாவது அது. சர்க்கரை காற்றின் ஈரத்தை ஈர்க்கும். அதனால்தான் கடலோர ஊர்களில் மக்ரூனைத் திறந்து வைத்தால் விரைவில் பிசுபிசுத்துவிடுகிறது.

அப்படியானால் இரண்டையும் பிரித்துக் காட்டுவது எது? ஈரம்தான். உலர்ந்த மக்ரூனில் கிருமிகள் பெருக இயலாது. ஈரமான பாலாடைக்கட்டியிலோ அவை செழிக்கும். 1983 முதல் 1987 வரை மேற்கு சுவிட்சர்லாந்தில் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவால் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 'வாஷ்ரேன் மோன் தோர்' என்ற பாலாடைக்கட்டியே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. கட்டிகளைப் பக்குவப்படுத்தும் நிலவறைகளின் மரத்தட்டுகளிலும், அவற்றைத் துடைக்கும் தூரிகைகளிலும் கிருமி குடியிருந்தது! குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் அது வளரவல்லது.

லிஸ்டீரியா கருவுற்ற பெண்களையும் முதியோரையும் கடுமையாகத் தாக்கும், கருச்சிதைவும் நேரலாம். ஆகவே இத்தகைய மென்மையான பாலாடைக்கட்டியை அவர்கள் அப்படியே உண்ணாமல் தவிர்ப்பது நல்லது.

பாலைக் காய்ச்சிவிட்டோம் என்று நாம் நிம்மதி கொள்கிறோம். காய்ச்சிய பின் அது தொடும் பாத்திரம், கரண்டி, கை ஆகியவையும் தூய்மையாக இருந்தால்தான் காய்ச்சியதன் பயன் முழுமையாகக் கிட்டும்.