மண்ணுக்குள் ஒரு வண்ணக் குழாய்

கடுங்குளிரில் நிலம் உறைந்து கல்லாகிவிடுகிறது. எவ்வளவு ஆழத்துக்கு உறைந்திருக்கிறது என்று தோண்டாமலே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அலாஸ்காவில் பள்ளிப் பிள்ளைகளே இதைக் கண்டுபிடிக்கிறார்கள். குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே மண்ணில் துளைபோட்டு ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கிவிடுவார்கள். அதற்குள்ளே மெல்லிய இன்னொரு குழாய். அதில் சாயம் கலந்த தண்ணீர். பனிக்காலத்தில் அவ்வப்போது அந்த உள்குழாயை உருவிப் பார்ப்பார்கள்.

அழகே இங்கேதான் இருக்கிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சாயத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும். அதனால் உறைந்த பகுதி நிறமிழந்து தெளிந்துவிடும், உறையாத பகுதி மட்டும் வண்ணத்தோடு நிற்கும். இரண்டும் சந்திக்கும் கோடு எந்த ஆழமோ, அந்த ஆழம் வரை மண்ணும் உறைந்திருக்கிறது! மின்சாரம் வேண்டாம், விலையுயர்ந்த கருவியும் வேண்டாம்.

அலாஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானி கென்ஜி யோஷிகாவா, சாலையே இல்லாத கிராமங்களுக்கும் பனிவண்டியில் போய், பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் குழாயை அறிமுகப்படுத்தினார்.

இன்னொரு விஷயம். மேலே பனி குவிந்து கிடந்தால் கீழே மண் குறைவாகத்தான் உறையும். பனி அங்கே கம்பளிபோல வேலை செய்கிறது. பனியை வழித்துவிட்ட இடத்திலோ குளிர் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். அதனால், குழாயைச் சுற்றியுள்ள பனியை மிதித்துக் கலைக்காமல்தான் பிள்ளைகள் அளவெடுக்க வேண்டும்.