மலை வேணுமா, மின்சாரம் வேணுமா?



சூரிய மின்சாரத்துல புகை கிடையாது. ஆனா சூரியத் தகட்டுக்கான சிலிக்கானை மெல்லிசா அறுக்கும் கம்பிக்கு இப்போ டங்ஸ்டனும் பயன்படுது. அந்த டங்ஸ்டன் நம்ம மதுரைப் பக்கமே பெரிய கேள்வியாச்சு.

மேலூர் அருகே அரிட்டாபட்டி. சமணர் படுக்கை, 2,000 வருஷத்துக்கும் மேல் பழமையான தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், வல்லூறு வாழும் மலைகள், சுனைகள் எல்லாம் அங்கே உண்டு. 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. பரப்பு 193 ஹெக்டேர்.

2024 நவம்பரில் இதையும் சேர்த்து சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் முடித்தது. ஊர் ஊரா மக்கள் எதிர்த்தாங்க. டிசம்பர் 9-ல் சட்டசபையில் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தாச்சு.

அப்போ மின்சாரத்துக்கு என்ன வழி? நான் நினைக்கிறது இதுதான்: பழைய வெட்டும் கருவிகளிலிருந்தே டங்ஸ்டனைத் திரும்ப எடுக்கலாம். தகடு வைக்க மலையோ வயலோ வேண்டாம், நம்ம மொட்டைமாடி போதும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம்; தினம் 4 யூனிட் கிடைக்கும்.

தகட்டை எங்கே வேணும்னாலும் மாட்டலாம். கல்வெட்டை உடைச்சா ஒட்ட முடியுமா? யோசிங்க!